பொந்துக்குள் இருந்தவளின் பங்கு

கருவாலிக் காட்டில் வாகை என்று ஒரு இருவாச்சிப் பறவை இருந்தாள். அவள் கணவன் பெயர் நெடுவாயன். அவனுக்குப் பெரிய மஞ்சள் அலகு. அவன் பறந்து வந்தால் சிறகுச் சத்தம் ஓடைக்கு அக்கரையிலேயே கேட்கும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை ஓர் உயரமான மரத்தின் பொந்துக்குள் போய்விடும். உள்ளே இருந்தபடியே சேறு பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகின் நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளியை மட்டும் விட்டுவைக்கும். பிறகு அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைத்து, குஞ்சும் வளரும்வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும்.

அந்த வருஷம் வாகை பொந்துக்குள் போன கொஞ்ச நாளில் காட்டில் தீப்பிடித்தது. தெற்குச் சரிவு முழுக்க எரிந்தது. அத்தி, ஆல், இச்சி என்று பழமரம் ஒன்று மிச்சமில்லை. வாகை இருந்த மரம் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றதால் தப்பியது.

மரம் தப்பியது. ஆனால் பழம்? நெடுவாயன் மலைகளைத் தாண்டிப் பறக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் போவான். பொழுது சாயும்போது தொண்டைக்குள் நாலைந்து பழங்களோடு வருவான்.

வாகை நாள் முழுவதும் அவன் சிறகுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். காற்று அடித்தால் அவன்தானோ என்று எழுந்து உட்காருவாள். காற்று அடங்கிவிடும். மறுபடி இருட்டில் சுருண்டுகொள்வாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவள் கேட்பாள்.

"கொஞ்சம் தூரம் போயிட்டேன். இந்தா, சாப்பிடு!"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஓ! வழியிலேயே!"

அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். அலகு நுனியோடு அலகு நுனி தொடும். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த நெருக்கம். மனைவியின் முகத்தை முழுதாகப் பார்க்க நெடுவாயன் ஏங்கினான். அந்த ஏக்கத்தை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவளும் அழுவாள்.

காட்டை ஆண்டது ஒரு யானை. அரசியம்மா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். நல்ல வருஷங்களில் காட்டு உயிர்கள் கொடுத்த வரியை அவள் ஒரு குகையில் சேர்த்து வைத்திருந்தாள். உலர்ந்த அத்தி, கொட்டைகள், தேனடை, கிழங்கு எல்லாம் அதில் நிறைந்திருந்தன.

தீ அணைந்ததும் அரசியம்மா முள்ளியார் என்ற முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாள்.

"முள்ளியாரே, மீட்பு மன்றம் ஒன்று அமைக்கிறேன். நீங்கதான் தலைவர். குகையைத் திறங்க. இது வெறும் சோறு இல்லை. ஒவ்வொருத்தரும் விட்ட தொழிலைத் திரும்பப் பிடிக்கணும். தேனீ கூடு கட்டணும். அணில் கொட்டையைப் புதைக்கணும். இருவாச்சி பழம் தின்னு, சரிவு முழுக்க விதை போடணும். அவங்க எழுந்தாத்தான் காடு எழும்!"

"ஒரு கொட்டைகூட வீணாகாது, அரசியம்மா!" என்றார் முள்ளியார்.

அரசியம்மா தன் கூட்டத்தோடு தண்ணீர் தேடி மேற்குப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினாள். மழை வந்ததும் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முள்ளியார் நேர்மையானவர். குகைச் சொத்தில் ஒரு கிழங்கைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. முன்பு வெள்ளம் வந்தபோதும் அவர்தான் உதவி வழங்கினார். அப்போது குரங்குகள் ஊரில் இல்லாத சித்தி, சித்தப்பன் பேரையெல்லாம் சொல்லி மூட்டை மூட்டையாக வாங்கிப் போய்விட்டன. காடே அவரைப் பார்த்துச் சிரித்தது.

'இந்தத் தடவை ஒருத்தனும் என்னை ஏமாற்ற முடியாது!' என்று அவர் மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்.

குகை வாசலில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்று மன்றத்தின் மைனா அறிவித்தாள்.

"எல்லோரும் கேளுங்க! பங்கு வேணும்னா குடும்பத்தோட நேரில் வரணும்! எல்லாத் தலையும் வந்து நிக்கணும்! ஒரு தலை குறைஞ்சாலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு கிடையாது!"

செய்தி நெடுவாயனுக்கும் எட்டியது. அவன் ஓடோடி வந்து கீற்றில் அலகை வைத்தான்.

"வாகை! குகையில உலர்ந்த அத்தி தராங்களாம்! பக்கத்துலயே! இனி நான் மலை தாண்ட வேண்டாம். நாள் முழுக்க உன் பக்கத்துலயே இருப்பேன்!"

"நிஜமாவா?" என்றாள் வாகை. அவள் குரல் நெடுநாளைக்குப் பிறகு துள்ளியது.

மறுநாள் விடியற்காலையில் அவன் வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் பெரிய கூட்டம். வேகமாக ஓடக்கூடியவர்களும் பக்கத்தில் குடியிருப்பவர்களும் முதலில் வந்து இடம் பிடித்திருந்தார்கள்.

குரங்குக் குடும்பத்தின் முறை வந்தது.

"உங்க மரம் எரிஞ்சுதா?" என்று கேட்டார் முள்ளியார்.

"எரியலைங்க! ஆனா புகை வந்துச்சுங்க! கண்ணெல்லாம் எரிஞ்சுது!"

"குடும்பம் முழுக்க வந்திருக்கா?"

"குட்டி உட்பட வந்திருக்குங்க!"

"அப்படின்னா சரி! கொடு!"

அடுத்துக் காட்டுப்பன்றிகள் வந்தன. அவர்கள் கிழங்குக் காட்டுப் பக்கம் தீ எட்டியே பார்க்கவில்லை. இருந்தாலும் எல்லாத் தலையும் இருந்தது. பங்கும் கிடைத்தது.

உச்சிவெயில் ஏறிய பிறகு நெடுவாயன் முறை வந்தது.

"பேர்?"

"நெடுவாயன், ஐயா. தெற்குச் சரிவுல விதை போடறது என் தொழில். மரம் எல்லாம் எரிஞ்சுபோச்சு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. வாகைன்னு பேரு. முட்டை மேல உட்கார்ந்திருக்கா."

"இங்கே காணோமே?"

"பொந்துக்குள்ள இருக்கா, ஐயா. வாசல் அடைச்சிருக்கு. சிறகும் உதிர்ந்துபோச்சு. இப்போ வெளியே வர முடியாது."

முள்ளியார் முட்கள் சிலிர்த்தன.

"வாசல் இல்லாத வீடு! சிறகு இல்லாத பறவை! கண்ணுக்குத் தெரியாத மனைவி! இப்படித்தான் அந்தக் குரங்கும் போன தடவை கதை சொல்லிச்சு! கூட்டிட்டு வா, வாங்கிட்டுப் போ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குரங்குகள்தான் அதிகமாகச் சிரித்தன.

நெடுவாயன் திரும்பி நடந்தான். மைனாவுக்குப் பாவமாக இருந்தது. அவன் பின்னாலேயே பறந்து வந்தாள்.

"அண்ணே, இங்கே கேளு! மனைவின்னு சொன்னது பொய், எனக்கு யாரும் இல்லை, தனி ஆள்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. தனி ஆள் பங்காவது கிடைக்கும். அதைக் கொண்டுபோய் அவங்களுக்குக் கொடுக்கலாமே!"

நெடுவாயன் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் தெரியுதும்மா, சொன்னா பழம் கிடைக்கும். ஆனா இருட்டுல ஒருத்தி என் சத்தத்தையே கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவ இல்லைன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

மைனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று அவன் மலை தாண்டிப் போக நேரமில்லை. வெறும் தொண்டையோடு மரத்துக்கு வந்தான்.

"அத்தி தித்திப்பா இருந்துச்சா?" என்று உள்ளிருந்து ஆசையோடு கேட்டாள் வாகை.

"இன்னிக்குத் தரலை. நாளைக்குத் தருவாங்க."

"பரவாயில்லைங்க. எனக்கு அவ்வளவா பசிக்கலை."

அவன் மறுநாளும் போய்க் கெஞ்சினான். யாராவது ஒருவர் மரத்தடிக்கு வந்து பார்த்தால் போதும் என்றான். "மன்றம் இருக்கிற இடத்துக்கு நீங்க வரணும். நீங்க இருக்கிற இடத்துக்கெல்லாம் மன்றம் வராது!" என்று சொல்லிவிட்டார் முள்ளியார். வரிசையில் நின்றால் அன்றைக்குப் பழம் தேட முடியவில்லை. பழம் தேடிப் போனால் வரிசையில் நிற்க முடியவில்லை. கடைசியில் நெடுவாயன் குகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். ஏன் என்று வாகை கேட்டபோது நடந்ததைச் சொன்னான்.

பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. வாகைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டாள். இரண்டும் கீற்றுப் பக்கம் கழுத்தை நீட்டிக் கத்தின. நெடுவாயன் வெளியே இருந்து அந்தக் குரல்களைக் கேட்டான். ஒன்றையும் பார்க்க முடியவில்லை.

"யார் மாதிரி இருக்காங்க?" என்று கேட்டான்.

"ரெண்டு பேருக்கும் உங்க மூக்குதான்!"

அவன் சிரித்தான். அந்த வருஷம் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது நாலைந்து பழம் மூன்று வாய்க்குப் போதவில்லை. வாகை தன் பங்கைத் தொடாமல் குஞ்சுகளுக்கே கொடுத்தாள். அப்படியும் சின்னவன் நாளுக்கு நாள் மெலிந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் நெடுவாயன் திரும்பி வரும்போது மரத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. உள்ளிருந்து யாரோ சுவரைக் கொத்தினார்கள்.

"வாகை! என்ன பண்றே?"

"சுவரை உடைக்கிறேன். நான் வெளியே வரேன். முள்ளியார் முன்னால போய் நிக்கிறேன். என்னைப் பார்த்தா கொடுப்பார் இல்லையா?"

"சிறகு இல்லையே! எப்படி வருவே?"

"நடந்து வரேன்."

"இவ்வளவு உயரத்துல இருந்து எப்படி இறங்குவே?"

"விழுந்து, எழுந்து வரேன்! சின்னவன் கழுத்தைத் தூக்க முடியாம கிடக்கான். எனக்கு வேற வழி தெரியலை!"

காய்ந்த சேறு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. கீற்று அகலமாகியது. அதன் வழியாக வாகையின் ஒரு கண் தெரிந்தது.

நெடுவாயன் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் கண்ணைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! அது குழிந்து போயிருந்தது. ஆனாலும் அது அவள் கண்தான். இன்னும் இரண்டு கொத்து கொத்தினால் முழு முகமும் தெரியும்.

"கொஞ்ச நேரம் இப்படியே பார்த்துக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டாள் வாகை.

"இருக்கலாம்" என்றான் அவன்.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது பக்கத்துக் கிளையில் இலை அசைந்தது. ஒரு மரநாய்! அது மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. உடைந்த சுவரும் குஞ்சுகளின் வாசனையும் அதற்குப் போதும்.

நெடுவாயன் சிறகை விரித்துப் பாய்ந்தான். பெரிய அலகால் ஓங்கிக் கொத்தினான். மரநாய் கிளை தாண்டி ஓடிப்போனது. ஆனால் அது மறுபடி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் ஓடைக்குப் போய் அலகு நிறையச் சேறு எடுத்து வந்தான்.

"வேண்டாங்க!" என்றாள் வாகை.

"வேணும், வாகை. நீ உள்ளே இருந்தாத்தான் பிள்ளைங்க உயிரோட இருக்கும்."

அவன் சேற்றைப் பூசினான். ஒவ்வொரு பூச்சுக்கும் அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பார்க்கத் துடித்த முகத்தைத் தன் அலகாலேயே மூடினான். மூடி முடித்த பிறகும் அந்த ஈரச் சேற்றின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

சில நாள் கழித்து மழை வந்தது. அன்றைக்கு அவன் எங்கோ ஓர் அத்தி மரத்தைக் கண்டுபிடித்து நிறையப் பழம் கொண்டுவந்தான்.

"வாகை! இன்னிக்கு எல்லாருக்கும் இருக்கு! சின்னவனுக்கு முதல்ல கொடு!"

உள்ளே இருந்து மெல்லிய குரல் வந்தது.

"பெரியவனுக்குக் கொடுங்க. சின்னவன் காலையிலேயே கத்தறதை நிறுத்திட்டான்."

நெடுவாயன் அலகில் பழத்தோடு நின்றான். அந்தப் பழத்தை யாருக்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மழையோடு அரசியம்மாவும் திரும்பி வந்தாள். வழியெல்லாம் தெற்குச் சரிவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சரிவு கரியாகவே கிடந்தது. ஒரு முளையைக்கூடக் காணோம்.

குகை வாசலில் முள்ளியார் பெருமையோடு நின்றார்.

"எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு, அரசியம்மா! ஒரு திருட்டுப் பங்கு போகலை! எல்லாத் தலையும் என் கண்ணால பார்த்துத்தான் கொடுத்தேன்!"

அரசியம்மா சுற்றிப் பார்த்தாள். குரங்குகள் தின்றது போக மிச்சத்தைத் தூக்கி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தன. பன்றிகள் கொழுத்துப்போய் நிழலில் கிடந்தன.

"சரி, முள்ளியாரே. சரிவுல விதை போட்டது யாரு?"

முள்ளியார் விழித்தார்.

"விதை போடறவங்க யாரும் வரலைங்க, அரசியம்மா."

பாறைமேல் இருந்த மைனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"வந்தாரு, அரசியம்மா! நெடுவாயன் அண்ணன் வந்தாரு! நாமதான் திருப்பி அனுப்பினோம்! அண்ணி பொந்துக்குள்ள இருக்காங்க, வர முடியாதுன்னு எவ்வளவோ சொன்னாரு! நான் ஒரு தடவை பறந்துபோய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கலை!"

அரசியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. குகைக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவினாள். மூலையில் கொஞ்சம் உலர்ந்த அத்தி மிச்சம் இருந்தது. அதை ஒரு தேக்கிலையில் வாரி முள்ளியார் முன்னால் வைத்தாள்.

"வாங்க, கொண்டுபோய்க் கொடுப்போம்" என்றாள்.

முள்ளியாருக்கு அது நீண்ட நடை. குட்டைக்கால்களோடு ஈரச் சாம்பலில் இழுத்து இழுத்து நடந்தார். மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். உயரத்தில் ஒரு சேற்றுச் சுவர் இருந்தது. அதில் ஒரு கீற்று. கீற்றில் ஒரு பெரிய அலகு நுனி. அதன் பக்கத்தில் ஒரு சின்ன அலகு நுனி.

வாசல் இல்லாத வீடு நிஜமாகவே அங்கே இருந்தது.

"வாகையம்மா!" என்று கூப்பிட்டார். "நான் மீட்பு மன்றத்துல இருந்து வந்திருக்கேன்."

உள்ளே சலசலப்புக் கேட்டது.

"வணக்கம், ஐயா! நேரில் வரணும்னு சொல்லியிருந்தீங்களாம். என்னால வர முடியலை. மன்னிச்சுக்கணும்."

அவள் திட்டியிருந்தால் முள்ளியார் தாங்கிக்கொண்டிருப்பார். மன்னிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முட்களெல்லாம் படியத் தரையோடு தரையாகத் தலை குனிந்தார்.

"நேரில் வர வேண்டியவன் நான்தாம்மா!"

அப்போது நெடுவாயன் வந்து சேர்ந்தான். தேக்கிலையைப் பார்த்தான். கீழே இறங்கி உட்கார்ந்தான்.

"உங்க குடும்பத்துக்கு நாலு தலைப் பங்கு, தம்பி" என்றார் முள்ளியார். "இருவாச்சி ரெண்டு முட்டை இடும்னு மைனா சொன்னா."

மேலிருந்து வாகையின் குரல் வந்தது.

"மூணு போதும், ஐயா. இப்போ ஒரு பிள்ளைதான் இருக்கான்."

அரசியம்மா தும்பிக்கையை உயர்த்தி அந்த மரத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து முள்ளியார் குகை வாசலில் உட்காரவில்லை. மைனா முன்னால் பறந்து போய் யார் எங்கே முடங்கிக் கிடக்கிறார்கள் என்று பார்த்துவருவாள். முள்ளியார் பின்னால் நடந்து போவார். சேற்றுக்குழியில் கிடந்த கிழட்டு ஆமையையும் தீயில் கண் போன ஆந்தையையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். குகையில் மிச்சம் அதிகம் இல்லை. அரசியம்மா மேற்குப் பள்ளத்தாக்கிலிருந்து கிழங்கும் பழமும் தருவித்துக் கொடுத்தாள்.

நெடுவாயன் அத்திப் பழங்களைக் கொண்டுபோய் வாகைக்கும் பெரியவனுக்கும் ஊட்டினான். மீந்த நேரமெல்லாம் தெற்குச் சரிவின்மேல் பறந்து விதை போட்டான். இரண்டாவது மழையில் கரிக்கு நடுவே பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

பெரியவனுக்குச் சிறகு முளைத்தது. ஒரு நல்ல வெயில் நாளில் வாகை உள்ளிருந்து சுவரைக் கொத்தினாள். நெடுவாயன் வெளியிலிருந்து கொத்தினான். சுவர் இடிந்தது. பெரியவன் தட்டுத்தடுமாறி வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் கிளையில் உட்கார்ந்தான். பிறகு இருவரும் ஓடைப் பக்கம் பறந்தார்கள்.

வாகைக்கும் புதுச் சிறகு வந்திருந்தது. எத்தனையோ நாள் அவள் ஏங்கிய வானம் எதிரே விரிந்து கிடந்தது. ஆனால் அவள் உடனே பறக்கவில்லை. பொந்தின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னும் ஒருவன் வர வேண்டியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, வா!" என்று பெரியவன் ஓடைப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

அவள் சிறகை விரித்தாள்.

உதவி செய்யும் பொறுப்பில் இருப்பவர் தம் வாசலுக்கு வந்து நிற்பவருக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, வந்து கேட்க முடியாத நிலையில் இருப்பவரைக் காலம் கடப்பதற்குள் தாமே தேடிப் போய்க் கொடுக்க வேண்டும்.